ஹாம்பர்க்கிலிருந்து பெர்கன் வரை காரில்: கையிருப்பு போதுமா, கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட், ஜெர்மன் வதிவிட அனுமதி. பிள்ளைகளுக்கு வயது 5, 3. ஜூலையில் 12 நாள், எங்கள் பெட்ரோல் காரிலேயே கோபன்ஹேகன், கோத்தன்பர்க், ஓஸ்லோ வழியாகப் பெர்கன் வரை சென்று, கிறிஸ்டியான்சாண்டில் கார்க் கப்பல் ஏறி டென்மார்க் வழியாகத் திரும்ப எண்ணியுள்ளோம். கையில் 3,200 யூரோ இருக்கிறது. போதாவிட்டால் சம்பளக் கணக்கின் ஓவர்டிராஃப்டில் 1,500 யூரோ எடுக்கலாமா? மூன்று நாட்டுப் பணத்தையும் இங்கேயே மாற்றிக்கொள்வது நல்லதா?

பதில்: ஓவர்டிராஃப்டை இந்தப் பயணத்துக்காகத் தொட வேண்டாம். வட்டி மட்டும் இதற்குக் காரணம் அன்று. ஆண்டுக்கு 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, 1,500 யூரோவைப் பத்து மாதங்களில் சம தவணையாக அடைத்தால் வட்டி ஏறத்தாழ 75 யூரோ ஆகும். இரண்டு சம்பளம் வரும் வீட்டுக்கு அது தாங்கக்கூடியதே. ஆனால் சேமிப்பு முழுவதையும் பயணத்தில் போடுகிற உங்களுக்கு அந்த 1,500 யூரோதான் எஞ்சியிருக்கும் ஒரே அவசர நிதி. அதை முன்கூட்டியே தங்கும் அறைக்குச் செலவழித்துவிட்டால், நார்வே மலைச்சாலையில் கிளட்ச் போய் நிற்கும்போது கை வைக்க இடம் இருக்காது.

எனவே பயணத்தின் அளவை மாற்றிப் பாருங்கள். நீங்கள் சொன்ன வழியில் சுற்றித் திரிவதையும் சேர்த்து ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் வரும். நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர், லிட்டருக்கு 2 யூரோ என்று வைத்தால் எரிபொருள் சுமார் 400 யூரோ. பாலம், கப்பல், நார்வே சாலைக் கட்டணம் எல்லாவற்றுக்கும் 500, ஜூலையில் நால்வருக்கான மரக் குடில் இரவுக்கு 130 வீதம் 11 இரவுகளுக்கு 1,430, சமைத்துச் சாப்பிட்டால் உணவுக்கு 720, நுழைவுச் சீட்டுகளுக்கு 200, காப்பீட்டுக்கு 40 என்று என் கணிப்பில் 3,290 யூரோ ஆகிறது. குடிலுக்குப் பதில் ஹோட்டல் என்றால் இந்தக் கணக்கு நிற்காது.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பிள்ளைகள் இன்னும் பள்ளியில் சேரவில்லை. சுவீடனிலும் நார்வேயிலும் ஆகஸ்ட் நடுவில் பள்ளிகள் திறந்துவிடுவதால், அதன் பிறகு குடில் வாடகையும் கப்பல் கட்டணமும் இறங்கும். ஆகஸ்ட் கடைசியில், 10 நாள் 9 இரவு என்று திட்டத்தைச் சுருக்கினால், இரவுக்கு 110 வீதம் தங்குவதற்கு 990, பாலத்துக்கும் கப்பலுக்கும் 450, உணவுக்கு 600, எரிபொருள், நுழைவுச் சீட்டு, காப்பீடு மூன்றுக்கும் முன்போலவே 640 என்று மொத்தம் 2,680 யூரோவில் முடியும். மீதி 520 யூரோ அவசரத்துக்கு. குடில் பதிவு செய்யும்போது படுக்கை விரிப்பும் கடைசி நாள் துப்புரவும் வாடகையில் சேர்ந்தவையா என்று கேளுங்கள்; பல இடங்களில் அவற்றுக்குத் தனிக் கட்டணம், விரிப்பை வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். அரிசி, பருப்பு, மசாலாப் பொடிகளைத் தாராளமாக எடுத்துச் செல்லலாம், உருளைக்கிழங்கை மட்டும் வேண்டாம். நார்வேக்குள் அதைக் கொண்டு போகத் தடை இருக்கிறது.

நாணயத்தை இங்கே மாற்றவே வேண்டாம். மூன்று நாடுகளிலும் அன்றாடச் செலவு ஏறக்குறைய முழுவதும் கார்டில்தான் நடக்கிறது. டேனிஷ் குரோனின் மதிப்பு யூரோவோடு பிணைக்கப்பட்டு 7.46 அருகிலேயே நிற்பதால் அங்கே கவலை இல்லை. நார்வே குரோனா 2013 வாக்கில் யூரோவுக்கு 8 அளவில் இருந்து, அண்மை ஆண்டுகளில் 11-ஐத் தாண்டிவிட்டது. யூரோவில் சம்பளம் வாங்குபவருக்கு அது சாதகம். கார்டு விஷயத்தில் இரண்டைக் கவனியுங்கள். ஜெர்மன் வங்கிகள் தரும் உள்நாட்டு டெபிட் கார்டான வெறும் கீரோகார்டை நம்பிப் போகாதீர்கள். அதை வெளிநாட்டிலும் செல்ல வைத்தது மேஸ்ட்ரோ என்ற சேவை; 2023 ஜூலையிலிருந்து புதிய மேஸ்ட்ரோ கார்டுகள் வழங்கப்படுவதில்லை, ஆகவே விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னம் இல்லாத கார்டு எல்லைக்கு அப்பால் வேலை செய்யாமல் போகலாம். யூரோ அல்லாத நாணயத்துக்கு உங்கள் வங்கி எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் மெஷின் ‘யூரோவிலா, குரோனாவிலா’ என்று கேட்டால் எப்போதும் குரோனாவையே தேர்ந்தெடுங்கள். யூரோவைத் தொட்டால் அவர்கள் வைக்கிற மாற்று விகிதத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றே எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஜெர்மன் பொது மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்புறம் உள்ள ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை ஐரோப்பாவில் எங்கும் செல்லுபடியாகும் என்று நம்மவர்கள் பலரும் நம்புகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாட்டுக் குடிமக்களுக்கு அது சுவீடனில் செல்லும். டென்மார்க்கிலும் நார்வேயிலும் பொதுவாகச் செல்லாது. அதாவது, உங்கள் பயணத்தின் பெரும்பகுதியில், மூன்று வயதுக் குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் ஏறினால் மருத்துவமனை கேட்கும் தொகை உங்கள் பொறுப்பு. குடும்பம் முழுவதற்குமான வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு ஆண்டுக்குச் சில பத்து யூரோக்களில் கிடைக்கிறது. நோயாளியை ஜெர்மனிக்குத் திருப்பி அழைத்து வரும் செலவையும் ஏற்கும் பாலிசியாகப் பார்த்து, புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். இதை மிச்சப்படுத்த நினைக்கவே கூடாது.

கார்க் காப்பீட்டிலும் ஒரு வரியைப் படியுங்கள். ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்குச் செல்லும் சாலைகளில் ஒன்று ஹார்டங்கர்விட்டா பீடபூமியைக் கடக்கிறது. அங்கே காட்டுக் கலைமான்கள் உண்டு. கோடையில் ஆடுகளும் சாலையில் படுத்துக் கிடக்கும். சொந்தக் காருக்கு வரும் சேதங்களில் சிலவற்றை மட்டும் ஏற்கும் ஜெர்மன் பகுதிக் காப்பீட்டின் (டைல்காஸ்கோ) பழைய ஒப்பந்தங்கள் வேட்டைச் சட்டத்தில் பட்டியலிட்ட விலங்குகள் மோதிய சேதத்துக்கு மட்டுமே பணம் தருகின்றன. அந்தப் பட்டியலில் எல்க் மான் இருக்கிறது, கலைமானும் ஆடும் இல்லை. உங்கள் ஒப்பந்தம் எல்லா விலங்குகளையும் ஏற்கிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

பாலங்களைப் பொறுத்தவரை, கோபன்ஹேகனையும் சுவீடனையும் இணைக்கும் எரசுண்டு பாலத்தின் ஆண்டுச் சந்தா அடிக்கடி கடப்பவர்களுக்கானது. ஒருமுறை மட்டும் கடக்கும் உங்களுக்கு இணையத்தில் முன்பே சீட்டு வாங்குவதே போதும். கோத்தன்பர்க்கை வார இறுதியில் கடந்தால் நெரிசல் வரி இல்லை. திரும்பும்போது கப்பல் வந்து சேரும் டென்மார்க்கின் ஹிர்ட்ஷால்ஸ் துறைமுகத்திலிருந்து யட்லாந்து வழியாக ஹாம்பர்க் வரும் சாலையில் கட்டணமே கிடையாது.

நார்வேயில் சுங்கச்சாவடியில் நிறுத்திப் பணம் வாங்குவதில்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்கிறது, பில் பின்னால் வருகிறது. வண்டி எண்ணை முன்பே இணையத்தில் பதிவு செய்தால் பில் தாமதமின்றி வந்து சேரும். பெர்கனுக்குத் தெற்கே கடலைக் கடக்கும் உள்ளூர்ப் படகுகளின் கட்டணத்தையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ஊர் திரும்பிய பிறகும் இந்தப் பில்கள் வந்துகொண்டிருக்கும் என்பதால், அக்டோபர் முடியும் வரை கணக்கில் 150 யூரோவைத் தொடாமல் வைத்திருங்கள்.