மாதுளைச் சாறும் கண்ணில் படாத யூரோலித்தினும்

கேள்வி: 15 பேருக்கு மாதுளைச் சாறு கொடுத்து, மறுநாள் காலைச் சிறுநீரை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டினோம். யூரோலித்தின் ஏ நான்கு பேரிடம்தான் தெரிகிறது. பழுது கருவியிலா, சாற்றிலா?
- ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

பதில்: மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் கருவி. அதில் எந்த நிறை எண்ணைத் தேடினீர்கள், 227-ஐயா 403-ஐயா? பாதி விடை அங்கேயே இருக்கிறது.

மாதுளையில் யூரோலித்தின் கிடையாது. அதிலுள்ள புனிகாலாஜின் குடலில் எல்லாஜிக் அமிலமாக உடைகிறது. அதைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தினாக மாற்றுகின்றன. உடம்பு அதைச் சும்மா விடுவதில்லை, குளுக்குரோனிக் அமிலத்தோடு கோத்துத்தான் வெளியே அனுப்புகிறது. அதனால் நெகட்டிவ் மோடில் (எதிர்மின் அயனிகளை அளக்கும் முறையில்) தனி யூரோலித்தின் ஏ-வுக்கான 227.035-ல் சொற்பமே கிடைக்கும். பெரிய பீக் (வரைபட முகடு) கோத்த வடிவத்துக்கான 403.067-ல் நிற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பிரிப்புக் குழாயிலிருந்து (column) வெளிவந்தால் ஏமாறாதீர்கள்: மூலக்கூறுக்கு மின்னூட்டம் தரும் அயனி மூலத்திலேயே குளுக்குரோனிக் பகுதியின் 176 கழன்று விழுந்த துண்டுதான் அந்த 227.

அடுத்தது நேரம். மறுநாள் காலை என்பது அவசரம். பாக்டீரியா வேலையை முடிக்க ஒரு நாளுக்கு மேலாகும். 48 மணி நேரம்வரை சேகரியுங்கள். சாறு குடிப்பதற்கு முந்தைய ஒரு வாரம் மாதுளை, வால்நட், ஸ்ட்ராபெரி கூடாது. அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவரைச் சேர்க்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் சிலரிடம் வராது. அது பிழையல்ல, முடிவு. யூரோலித்தின் ஏ மட்டும் உண்டாக்குவோர் ‘ஏ’ வகை. ஐசோயூரோலித்தின் ஏ, யூரோலித்தின் பி ஆகியவையும் வருவோர் ‘பி’ வகை. எதுவுமே வராதவர் ‘0’ வகை. சிக்கல், ஐசோயூரோலித்தின் ஏ-வுக்கும் யூரோலித்தின் ஏ-வுக்கும் நிறை ஒன்றேதான். ஸ்டாண்டர்டு (ஒப்பிடுவதற்கான தூய பொருள்) வாங்கி ஓட்டி, வெளிவரும் நேரத்தை ஒப்பிடாமல் யாரையும் வகைப்படுத்தாதீர்கள்.

எல்லா மாதிரியிலும் சிறிது எடுத்துக் கலந்து, கருவிக்குள் பத்து மாதிரி செலுத்தியதும் ஒருமுறை அந்தக் கலவையை ஓட்டுங்கள். அதில் 30 சதவீதத்துக்கு மேல் ஆடும் பீக்கைத் தூக்கிவிடலாம். தண்ணீர் நிறையக் குடித்தவர் சிறுநீர் நீர்த்திருக்கும். உடம்பு ஏறத்தாழ ஒரே வேகத்தில் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினின் அளவால் வகுக்காமல் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட முடியாது.

கேள்வி: வீட்டில் முத்துக்களை உதிர்த்து மிக்ஸியில் அடித்து வடிகட்டுகிறோம். இதே பலன் கிடைக்குமா?
- வாசகர், மதுரை

பதில்: புனிகாலாஜின் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. பழத்தை முழுசாகப் பிழியும் ஆலைச் சாற்றில் அது இறங்கும். முத்துச் சாற்றில் குறைவு. தஞ்சாவூர் மாணவியும் தம் சாற்றை எப்படி எடுத்தார்கள் என்று ஒருமுறை விசாரிப்பது நல்லது.