பாட்டனி படித்துப் பல்கலைக்கழகத் தலைவரான கோல்ட்டர்: கேள்வி பதில்

ஜான் மெர்ல் கோல்ட்டர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

ராயபுரம், பி.எஸ்சி. மாணவி: செடி கொடி படித்தவர் எப்படி சார் யுனிவர்சிட்டிக்கே தலைவரானார்?

நேர்வழியில் இல்லை அம்மா. 1851இல் சீனாவின் நிங்போவில் ஒரு மிஷனரி வீட்டில் பிறந்தவர். வளர்ந்தது அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தில். 1872இல் யெல்லோஸ்டோன் பக்கம் போன ஹேடன் நில அளவைக் குழுவில் நிலவியல் உதவியாளராகத்தான் சேர்ந்தார். போன இடத்தில் செடி சேகரித்து, அந்தக் குழுவின் தாவரவியலாளராகவே ஆகிவிட்டார். அப்புறம் ஹானோவர், வாபாஷ் கல்லூரிகளில் ஆசிரியர் வேலை. 1875இல் சொந்தமாக ஒரு தாவரவியல் இதழும் தொடங்கினார்.

இந்தியானா பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் ஸ்டார் ஜோர்டான் 1891இல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போக, அந்த நாற்காலி கோல்ட்டருக்கு வந்தது. ஜோர்டான் மீன் ஆராய்ச்சியாளர். மீனும் செடியும் பார்த்தவர்களை நம்பிப் பல்கலைக்கழகத்தைக் கொடுத்த காலம் அது!

கொருக்குப்பேட்டை வாசகர்: தலைவர் என்றால் நம் ஊர்த் துணைவேந்தரா?

கிட்டத்தட்ட அதே வேலைதான் ஐயா.

தண்டையார்பேட்டை, ஒரு மாணவனின் அம்மா: அவ்வளவு பெரிய பதவியில் எத்தனை வருஷம் இருந்தார்?

இந்தியானாவில் 2 வருஷம்தான். 1893இல் லேக் ஃபாரஸ்ட் என்ற இன்னொரு பல்கலைக்கழகத்துக்கும் தலைவராகப் போனார். 1896இல் அதையும் விட்டுவிட்டு சிகாகோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குத் தலைவரானார். பதவிக் கணக்கில் இறக்கம்தான். ஆனால் 1925 வரை அங்கேயே இருந்து உருவாக்கிய துறையைப் பார்த்தால், அவர் செய்ததில் பெரியது அதுதான் என்பேன்.

அங்கே படித்த ஹென்றி கௌல்ஸ், மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில் எந்தச் செடி முதலில் வேர்பிடிக்கிறது, அதற்குப் பின்னால் எது வருகிறது என்று ஆராய்ந்தார். சூழலியலுக்கு அடிப்படை போட்ட ஆய்வுகளில் அதுவும் ஒன்று. எண்ணூர்ப் பக்கம் கடற்கரை மணலில் அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்திருப்பதைப் பார்த்தால் விஷயம் புரியும். அவை மணலைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் மற்ற செடிகளுக்கு அங்கே இடம். நம் கல்லூரிகள் மாணவர்களை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் டூர் கூட்டிப் போகின்றன. பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய எண்ணூரை விட்டுவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வியாசர்பாடி, முதலாண்டு மாணவன்: நானும் துணைவேந்தர் ஆகலாமா சார்?

தாராளமாக. கோல்ட்டருக்கு அப்போது 40 வயதுகூட ஆகவில்லை. இங்கே 2018 யூ.ஜி.சி. விதிப்படி பேராசிரியராகவே 10 வருஷ அனுபவம் வேண்டும். இல்லையென்றால் பெயர்பெற்ற ஆராய்ச்சி அல்லது கல்வி நிர்வாக நிறுவனத்தில் அதே அளவு. அதற்கு முன்னால், உலர்த்திய செடியை ஒட்டிப் பாதுகாக்கும் அந்த ஹெர்பேரியம் தாளை ஒழுங்காக ஒட்டி, நேரத்துக்குக் கொடு தம்பி.