ஹார்ட் டிஸ்க் சூடு: அதிகம் செலவில்லாமல் தணிப்பது எப்படி?

கேள்வி: என் ஹார்ட் டிஸ்க் 47 டிகிரி காட்டுகிறது. தொட்டால் கை சுடுகிறது. தாங்குமா?

பதில்: தாங்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்ச வரம்பு 60 டிகிரி செல்சியஸ். என் கணக்கில் 30 முதல் 45 வரை இருந்தால் எதையும் நோண்ட வேண்டாம். 50ஐத் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும். உங்களுடையது நடுவில் நிற்கிறது. வெயில் காலத்தில், பெரிய பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கையை நம்பாதீர்கள். உலோகம் 45 டிகிரியிலேயே சுடுவதுபோலத்தான் இருக்கும். விண்டோஸ் என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸ் என்றால் ஸ்மார்ட்சிடிஎல். இரண்டும் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' பட்டியலை அவை காட்டும். அதில் 194ஆம் எண்ணில் இருப்பது வெப்பநிலை. அப்படியே 5, 197 ஆகிய எண்களையும் பாருங்கள். அவை பழுதான, சந்தேகத்துக்குரிய செக்டர்களின் (தகவல் பதியும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை. அவை ஏறிக்கொண்டே போனால் ஃபேன் வாங்கிப் பயனில்லை, முதலில் தகவல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

குளிரக் குளிர ஆயுள் கூடும் என்றும் நினைத்துவிட வேண்டாம். கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை அலசி 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் குறைந்த வெப்பநிலையில் ஓடியவைதான் கூடுதலாகப் பழுதாகியிருந்தன. மிக அதிகச் சூட்டில்தான், அதுவும் வயதான டிஸ்க்குகளில்தான், சூட்டின் பாதிப்பு தெரிந்தது. ஆகவே 38ஐ 28 ஆக்கக் காசு செலவழிப்பது வீண்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே மாட்டலாமா? சத்தம்தான் பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாக மாட்டலாம். இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. 3.5 அங்குல டிஸ்க் ஒன்று வேலை செய்யும்போது சுமார் 6 முதல் 9 வாட்தான் எடுக்கும், ஒரு சிறிய எல்இடி பல்பு அளவு. அந்தச் சூட்டை விரட்டப் புயல் தேவையில்லை, தென்றல் போதும். சிக்கல் பெரும்பாலும் காற்று நகராமல் தேங்கி நிற்பதில்தான் இருக்கிறது.

கேபினெட்டின் முன்பக்கம், டிஸ்க்குகளுக்கு நேர் எதிரே, காற்றை உள்ளே தள்ளும்படி மாட்டுங்கள். ஃபேனில் ஸ்டிக்கரும் தாங்கும் குறுக்குச் சட்டங்களும் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். திருப்பி மாட்டிவிட்டு 'ஒன்றும் குறையவில்லையே' என்று கேட்பவர்கள் ஏராளம். இரண்டு டிஸ்க் இருந்தால் நடுவே ஒரு தட்டைக் காலியாக விடுங்கள். இதற்குக் காசே வேண்டாம். ஸ்க்ரூ துளை பொருந்தாவிட்டால் கேபிள் டை போட்டுக் கட்டி, இடையில் ரப்பர் துண்டு வையுங்கள். அதிர்வு டிஸ்க்குக்கு ஆகாது.

சத்தத்துக்கு வருவோம். மதர்போர்டில் ஃபேனுக்கான பின் இருந்தால் பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) வேகத்தைக் குறைத்துவிடுங்கள், முடிந்தது. இல்லையென்றால் பவர் சப்ளையிலிருந்து வரும் மோலெக்ஸ் என்ற நான்கு கம்பி இணைப்பில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே இணைத்தால் 12 வோல்ட் ஃபேன் மெதுவாகச் சுற்றும். சில ஃபேன்கள் 5 வோல்ட்டில் கிளம்பவே கிளம்பாது, அதனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சுற்றுகிறதா என்று சில நாள் பாருங்கள். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே இணைத்து 7 வோல்ட் எடுக்கும் வித்தையும் உண்டு. அது மின்னோட்டத்தை 5 வோல்ட் பக்கமே திருப்பி அனுப்பும் என்பதால் நான் சொல்லித்தருவதில்லை.

டிஸ்க்கின் அடியில் ஒட்டும் 40 மில்லிமீட்டர் குட்டி ஃபேன்களை வாங்காதீர்கள். கொசு மாதிரி கத்தும், சீக்கிரமே நின்றும் போகும்.

கேள்வி: அலுமினிய ஹீட்சிங்க் வாங்கி டிஸ்க் மேல் ஒட்டினால்?

பதில்: ஹீட்சிங்க் என்பது சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டு. காற்று நகராத இடத்தில் அதனால் பெரிய பயன் இல்லை. டிஸ்க்கின் மேல் 'மூடாதீர்கள்' என்று எழுதிய சிறு துளை இருந்தால் அது டிஸ்க் மூச்சுவிடும் வழி, அதை அடைத்துவிடக் கூடாது. அடிப்பக்கச் சர்க்யூட் போர்டில் உலோகம் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

கேள்வி: கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: ஃபேன் இல்லாத கேபினெட் என்றால் ஓரளவு உதவும், தூசி இலவசம். முன்னால் ஃபேன் இருந்தால் மூடுவதுதான் நல்லது. திறந்திருந்தால் காற்று டிஸ்க்கைத் தொடாமலே வெளியே போய்விடக்கூடும். அரை மணி மூடி, அரை மணி திறந்து, 194ஐ ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எக்ஸ்டெர்னல் டிஸ்க் நகலெடுக்கும்போது கொதிக்கிறது. ஐஸ் பை வைக்கலாமா? ஃப்ரீசரில் வைத்தால் பழுதான டிஸ்க்கும் ஓடும் என்கிறார்களே?

பதில்: இரண்டும் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் வியர்க்கும். அந்த நீர் சர்க்யூட்டிலோ உள்ளே தகவல் பதியும் சுழல் தட்டின் மீதோ படிந்தால், பிழைத்திருக்கக்கூடிய டிஸ்க்கும் போய்விடும்.

பிளாஸ்டிக் உறைக்குள் காற்றே புகாது என்பதுதான் இங்கே பிரச்சினை. மெத்தை, துணி, லேப்டாப்பின் சூடான காற்று வரும் வாய், இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். அடியில் நான்கு பாட்டில் மூடிகள் கொடுத்துத் தூக்கி வைத்து, பக்கத்தில் யுஎஸ்பி ஃபேன் ஒன்றைத் திருப்பிவிடுங்கள். ஓடும்போது மட்டும் நகர்த்தாதீர்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் நகலெடுக்காமல் இரண்டு மூன்று தவணையாக எடுத்தாலும் சூடு அடங்கும்.

கேள்வி: எம்.2 எஸ்எஸ்டி 75 டிகிரி போகிறது. ஹீட்சிங்க் மாட்டியும் குறையவில்லை.

பதில்: எம்.2 எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத, மதர்போர்டிலேயே செருகும் சேமிப்பு அட்டை. அதில் சூடாவது பெரும்பாலும் அதை இயக்கும் கண்ட்ரோலர் சிப். சூடு மிஞ்சினால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க்கைக் கழற்றி, சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேடின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே அதை உரிக்காமல் மாட்டிவிட்டு இரண்டு வாரம் எஸ்எஸ்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் டிஸ்க் நின்றுவிடும்படி வைத்தால் சூடு குறையுமா?

பதில்: குறையும். ஆனால் அடிக்கடி நின்று கிளம்புவது மோட்டாருக்குத் தேய்மானம். எப்போதாவது தொடும் பேக்கப் டிஸ்க்குக்கு மட்டும், அரை மணி என்று வையுங்கள்.