தெஹ்ரானில் கோட்டை விட்டவர், நியூயார்க்கில் ஜெயித்தவர்: ஆன்டனி பார்சன்ஸ் பற்றிக் கேள்வி பதில்

1982ல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போர் பற்றிப் பேசும்போது ஐ.நா.வில் அப்போதிருந்த பிரிட்டிஷ் தூதர் ஆன்டனி பார்சன்ஸ் பெயரைச் சொன்னேன். அவரைப் பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருப்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில்.

கேள்வி: யார் இவர்? நேரே ஐ.நா.வுக்கு அனுப்பிவிட்டார்களா?

அதெல்லாம் இல்லை. 1922ல் பிறந்தவர், உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். வேலையில் பெரும்பகுதி மேற்கு ஆசியாவில்தான், 1965 முதல் 1969 வரை பஹ்ரைனிலும் இருந்தார். 1974ல் ஈரானுக்குத் தூதர், 1979ல் ஐ.நா.

கேள்வி: ஈரானில் இருந்துகொண்டே, மன்னராட்சியைக் கவிழ்த்த 1979 புரட்சி வருவது தெரியவில்லையா?

தெரியவில்லை, அதை அவரே ஒத்துக்கொண்டார். ஈரான் மன்னர் ஷாவிடம் எண்ணெய்ப் பணம் கொட்டிக் கிடந்தது, பிரிட்டன் டாங்கிகளும் தொழிற்சாலைகளும் விற்றுக்கொண்டிருந்தது, தூதரகத்தின் கவனமெல்லாம் வியாபாரத்தில்தான். எதிர்க்கட்சிக்காரர்களோடு பேசினால் ஷா கோபித்துக்கொள்வார் என்று அந்தப் பக்கமே போகவில்லை. 1978 நவம்பர் 5 அன்று கூட்டம் தூதரகத்துக்குள் புகுந்து தீ வைத்தது. பிறகு 1984ல் எழுதிய நூலில், தகவல் கிடைக்காததல்ல பிரச்சினை, கையில் இருந்ததைச் சரியாகப் படிக்கவில்லை என்கிற மாதிரி எழுதினார். பழியைக் கீழே இருப்பவர் தலையில் கட்டாத பெரிய அதிகாரி அபூர்வம், எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான்.

கேள்வி: 502ஆம் தீர்மானத்தில் அவர் செய்தது என்ன?

1982 ஏப்ரல் 2ல் அர்ஜென்டினா தீவுகளில் இறங்கியது. சண்டை நிற்க வேண்டும், அர்ஜென்டினா படை வெளியேற வேண்டும் என்பதுதான் 502ஆம் தீர்மானம். பார்சன்ஸ் அன்றே அதை ஐ.நா. பாதுகாப்பு சபையில் இறுதி வடிவிலேயே முன்வைத்து, மறுநாளே வாக்கெடுப்பு என்று நெருக்கினார், எதிர்த்தரப்பு ஆள் சேர்க்க அவகாசம் தராமல். சபையின் 15 உறுப்பு நாடுகளில் 9 வாக்கு வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஐந்து பேரில் யாரும் வீட்டோ (ஒற்றை வாக்கால் தடுக்கும் அதிகாரம்) போடக் கூடாது. காலனி ஆதிக்க நாடு என்ற பெயர் வேறு பிரிட்டனுக்கு! அதனால் தீவு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சையே எடுக்காமல், படையை அனுப்பிப் பிடித்தது தப்பு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். அப்போது சபையில் இருந்த, வெனிசுவேலாவோடு எல்லைத் தகராறு கொண்ட கயானாவுக்கு அது சொல்லாமலே புரிந்திருக்கும்.

கேள்வி: பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் யாருக்கோ போன் போட்டாராமே?

ஜோர்டான் மன்னர் ஹுசேனுக்கு. ஜோர்டான் பிரதிநிதி ஆதரிக்க முடியாத நிலையில் இருந்தார், பார்சன்ஸ் லண்டனுக்குச் சொல்ல, தாட்சரே மன்னரிடம் பேசினார், வாக்கு வந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 1 (பனாமா), சோவியத் யூனியன், சீனா, போலந்து, ஸ்பெயின் நடுநிலை. மாஸ்கோ வீட்டோ போட்டிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

கேள்வி: அமெரிக்கா முழுதாகத் துணை நின்றதா?

ஜூன் 4 கூத்தைக் கேளுங்கள். ஸ்பெயினும் பனாமாவும் கொண்டுவந்த போர்நிறுத்தத் தீர்மானத்தை பிரிட்டனும் அமெரிக்காவும் வீட்டோ செய்தன. கை தூக்கிய சில நிமிடங்களில் அமெரிக்கத் தூதர் ஜீன் கிர்க்பாட்ரிக், வாக்கை மாற்ற முடியுமானால் நடுநிலை என்று மாற்றச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது என்று சபையிலேயே அறிவித்தார். வாக்குப் பதிவாகியாயிற்று, அப்புறம் எப்படி மாற்ற?

கேள்வி: அதன் பிறகு?

அந்த வருடமே ஓய்வு பெற்றார். ஆனால் தாட்சர் விடவில்லை, வெளியுறவு ஆலோசகராகத் தன் பக்கத்திலேயே சிறிது காலம் வைத்துக்கொண்டார். 1996ல் காலமானார்.