பி.எட். ஆங்கில மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறைகளை எப்படிச் சொல்லிக்கொடுத்தால் வகுப்பில் கைகொடுக்கும்?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. நேரடி முறைக்கும் (தாய்மொழி இல்லாமல் கற்பிப்பது) இலக்கண-மொழிபெயர்ப்பு முறைக்கும் (விதியைச் சொல்லி, தாய்மொழியில் பெயர்த்துக் கற்பிப்பது) பத்து வேறுபாடு எழுதி நல்ல மதிப்பெண் வாங்குகிற பி.எட். மாணவர், பள்ளியில் போய் நின்றதும் பாடத்தை ஏன் வரிக்கு வரி தமிழில் சொல்லி முடித்துவிடுகிறார் என்பது ஒன்று. ஆங்கில வகுப்பில் தமிழே பேசக்கூடாதா என்பது மற்றொன்று. முதலாவதுதான் பெரியது, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பி.எட். சேருமுன்பே அவர் 12 வருஷம் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஆசிரியர் வாசிப்பார், தமிழில் சொல்வார், கேள்வி-பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார். அதுதான் உடம்பில் ஊறியிருக்கிறது. பி.எட். கல்லூரியில் நாம் இரண்டு வருஷத்தில் கொடுப்பது முறைகளின் பெயர்ப் பட்டியல். பதற்றம் வந்தால் உடம்பில் ஊறியதுதான் கைக்கு வரும், நோட்டில் எழுதியது வராது. அதனால் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் ஒரு முறையில் படிக்கிற மாணவனாக இருந்து பார்க்கட்டும், பிறகு சின்னச் சின்ன வேலைகளாகச் செய்து பழகட்டும், பெயரும் வரலாறும் கடைசியில் வரட்டும்.

மாணவனாக இருந்து பார்ப்பதற்கு, வகுப்பில் யாருக்குமே தெரியாத ஒரு மொழியில் 20 நிமிஷப் பாடம் எடுங்கள். தெலுங்கு, மலையாளம் வேண்டாம், ஊகித்துவிடுவார்கள். ஜப்பானிய மொழியில் வினை நம்மைப் போலக் கடைசியில் வரும், அதனால் அதுவும் சுலபமாகப் பிடிபட்டுவிடும். நான் சொல்வது மலாய். 'சாயா மாகான் நாசி' என்றால் நான் சோறு சாப்பிடுகிறேன். ஆங்கிலம் போலவே வினை நடுவில் நிற்கிறது. 'சாயா மினும் ஆயர்', தண்ணீர் குடிக்கிறேன். 'சாயா திடாக் மாகான் ஈகான்', மீன் சாப்பிடுவதில்லை. சோறு, மீன், ரொட்டி, தண்ணீர் என நாலு படம், இரண்டு வினை, ஒரு 'இல்லை', அவ்வளவு போதும். தமிழும் ஆங்கிலமும் ஒரு சொல் கூட வரக்கூடாது. 'நாசி' என்றதும் யாராவது மூக்கைத் தொடுவார், 'சாயா' என்றதும் டீ நினைவுக்கு வந்து சிரிப்பார்கள். தாய்மொழி எப்படிக் குறுக்கே வந்து நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. (மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்கள் வேறு மொழி பார்த்துக்கொள்ளுங்கள்.) முடிந்ததும் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: எந்த இடத்தில் புரிந்தது, எதை வைத்துப் புரிந்தது, எந்த இடத்தில் பயம் வந்தது. படம், சைகை, திரும்பத் திரும்பக் கேட்டது, பக்கத்தில் இருந்தவர் சொன்னது என்று பதில் வரும். 'நேரடி முறை' என்ற பெயரை அப்போது எழுதிப்போடுங்கள்.

அடுத்தது மைக்ரோ டீச்சிங், அதாவது சக மாணவர்களைப் பிள்ளைகளாக வைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கற்பிக்கும் திறனைச் சில நிமிஷம் பழகுவது. 1963-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது. நம் கல்லூரிகளில் நடப்பது 36 நிமிஷச் சுற்று: கற்பிக்க 6, கருத்து சொல்ல 6, திட்டத்தைத் திருத்த 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி கருத்துக்கு 6. உயிர் இருப்பது மறுபடி கற்பிக்கிற அந்த ஆறில்தான். நடைமுறையில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். கணக்குப் பாருங்கள்: ஆங்கிலப் பிரிவில் 12 பேர் என்றால் ஒரு திறனுக்கே 7 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நேரம் இல்லை என்று ஒரே முறை செய்துவிட்டு, 'மறுபடி கற்பித்தேன்' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி முடித்துவிடுகிறார்கள். நாலு பேர் கொண்ட மூன்று குழுவாகப் பிரித்து ஒரே நேரத்தில் நடத்தினால் இரண்டரை மணி நேரத்துக்குள் எல்லாருக்கும் முழுச் சுற்றும் முடிந்துவிடும். நீங்கள் குழுக்களுக்கு இடையே நடந்துகொண்டிருந்தால் போதும்.

இன்னொரு கோளாறு, ஆறாம் வகுப்புப் பிள்ளையாக நடிக்கிற சக மாணவர்கள் எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொல்லிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுங்கள். 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்' என்று சொல், கேட்டால் மட்டும் பேசு, கேள்வி புரியாவிட்டாலும் 'யெஸ் மிஸ்' சொல், இப்படி. அப்போதுதான் கற்பிப்பவருக்கு ஏதாவது வேலை இருக்கும்.

எந்தத் திறன்களைப் பழக்குவது? வழக்கமான பட்டியலில் இருக்கிற வலுவூட்டல் (பாராட்டி ஊக்கப்படுத்துவது), கரும்பலகை, விளக்கிச் சொல்லுதல் எல்லாம் எல்லாப் பாடத்துக்கும் பொது. ஆங்கிலத்துக்கென்று நான் முன்னே வைப்பது இரண்டு: கட்டளை கொடுப்பது, பொருள் புரிந்ததா என்று சோதிப்பது. பிழை திருத்துவது, ஜோடி வேலையைக் கண்காணிப்பது எல்லாம் இவற்றுக்குப் பிறகு.

கட்டளை என்றால் 'நவ் வாட் யூ ஹாவ் டு டு இஸ்' என்று தொடங்கி மூச்சுவிடாமல் ஓடுகிற வாக்கியம் அல்ல. 'லுக் அட் த பிக்சர். ரைட் ஃபைவ் திங்ஸ். டோன்ட் டாக். டூ மினிட்ஸ்.' நாலு வாக்கியம், ஒவ்வொன்றிலும் ஒரே வேலை. அதைத் திட்டத்தில் வார்த்தைக்கு வார்த்தை எழுதிவரச் சொல்லுங்கள், முதல் ஒரு மாதமாவது. தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், சொல்லி முடித்த பிறகுதான் தாள் போக வேண்டும். 'அண்டர்ஸ்டாண்ட்?' என்று கேட்கக்கூடாது. 'ஹவ் மெனி திங்ஸ்?', 'டாக்கிங் ஆர் நோ டாக்கிங்?' என்று கேட்டால் ஐந்து விநாடியில் தெரிந்துவிடும்.

பொருளைச் சோதிப்பதுதான் கடினம். 'ஹீ யூஸ்டு டு லிவ் இன் மதுரை' (முன்பு மதுரையில் வசித்தார், இப்போது இல்லை) என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பயிற்சி மாணவர் முதலில் கேட்பது, 'வாட் இஸ் த மீனிங் ஆஃப் யூஸ்டு டு?' இதற்குப் பதில் சொல்ல இலக்கணம் தெரிந்த பெரியவர் வேண்டும். கேட்க வேண்டியவை இவை: 'இஸ் ஹீ இன் மதுரை நவ்?' (நோ.) 'வாஸ் ஹீ இன் மதுரை பிஃபோர்?' (யெஸ்.) 'ஒன் டே ஆர் அ லாங் டைம்?' (லாங் டைம்.) மூன்றுக்கும் ஓரிரு சொல்லில் பதில், சோதிக்கிற அமைப்பு கேள்விக்குள் வரவேயில்லை. அதுதான் விதி. புதியவர்கள் 'டிட் ஹீ யூஸ் டு லிவ் தேர்?' என்று புரியாத சாமானை வைத்தே புரிந்ததா என்று சோதிப்பார்கள். நம் ஊரில் முதல் கேள்வி கூடுதல் முக்கியம். 'ஐ யூஸ்டு டு கோ டு ஜிம் டெய்லி' என்று இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறவர்தான் சொல்கிறார். பயிற்சி மாணவரிலேயே பாதிப் பேர் அப்படிச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். அதனால் பாடத்திட்டத்தில் 'எதிர்பார்க்கும் பிழைகள்' என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். 'தான்' என்பதை 'ஒன்லி' ஆக்குவது, 'டிஸ்கஸ் அபௌட்', 'அ', 'ஆன்', 'த' என்ற ஆர்ட்டிகிளை விட்டுவிடுவது (தமிழில் அது கிடையாது), இவற்றை ஒவ்வொரு பாடத்துக்கும் குறிப்பாக எழுத வைக்க வேண்டும். 'மாணவர்கள் தவறு செய்யலாம்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உச்சரிப்பைப் பற்றிச் சுருக்கமாக: தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். முதுகு, பை, மூட்டை கட்டு ஆகிய மூன்றின் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் 'பேக்' என்றுதான் வரும். 'பஸ்ஸு', 'புக்கு' என்று கடைசியில் ஒட்டுகிற உகரம் சொல்பவர் காதில் விழாது. செல்போனில் பதிவு செய்து அவரே கேட்டால்தான் விழும்.

முழுப் பாடத்துக்கு வரும்போது நேரம்தான் எமன். 45 நிமிஷ வாசிப்புப் பாடம் கிட்டத்தட்ட இப்படிப் போக வேண்டும்: தலைப்புக்குள் இழுக்க 5, நாலைந்து புதுச் சொல்லுக்கு 5, மேலோட்டமாக வாசித்து ஒரு கேள்விக்குப் பதில் தேட 3, நிதானமாக வாசித்துப் பதில் எழுத 10, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட 3, பொதுவில் சரிபார்க்க 5, அதை வைத்துப் பேச அல்லது எழுத 12. மீதி 2 நிமிஷம் வருகைப்பதிவு தின்றுவிடும். நடப்பது என்ன? முதல் பகுதி 15 நிமிஷம் இழுக்கும், பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் அத்தனை சொல்லுக்கும் அர்த்தம் சொல்லப்படும், மணி அடிக்கும்போது பிள்ளைகள் ஒரு வரி கூடத் தாங்களாக வாசித்திருக்கமாட்டார்கள். கேள்வியை வாசிப்புக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் வாசித்தால் அது வெறும் எழுத்துக்கூட்டல்.

தகவல்தொடர்பு முறையை, அதாவது மொழியைப் பயன்படுத்த வைத்தே கற்பிப்பதை, சொல்லித்தர வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு பெங்களூரு, சென்னை போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய திட்டம் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. இலக்கணத்தை வரிசையாக வைத்துப் பாடம் நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துப் புதிர்களைத் தீர்க்க விட்டார்கள். முதலில் ஆசிரியர் ஒரு கணக்கை வகுப்போடு சேர்ந்து வாய்விட்டு யோசித்துப் போடுவார், பிறகு அதே மாதிரி இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியாகப் போடுவார்கள். வகுப்பில் பாதிப் பேராவது, வேலையில் பாதியையாவது சரியாகச் செய்தால் அந்த வேலையின் கடினம் பொருத்தம் என்று அளவுகோல் வைத்திருந்தார்கள். பயிற்சி மாணவருக்கு இது அருமையான கருவி. பஸ் ஸ்டாண்ட் கால அட்டவணை ஒன்றைக் கொடுத்து 10 கேள்வி தயாரிக்கச் சொல்லுங்கள். 40 பிள்ளைகளில் 20 பேராவது 5 சரியாகப் போட்டால் தேறியது, 40 பேரும் 10 போட்டால் வெறும் பார்த்து எழுதல். 'மதுரைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு' என்பது பார்த்து எழுதல். '4 மணிக் கூட்டத்துக்கு அரை மணி முன்னால் போய்ச் சேர எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்' என்பது யோசனை.

பார்வையிடுபவர்கள் செய்கிற தப்பும் உண்டு. வகுப்பு முடிந்ததும் 15 குறை அடுக்கினால் எதுவும் மனதில் நிற்காது. பார்க்கும்போது இடது ஓரத்தில் நேரம், பக்கத்தில் ஆசிரியர் சொன்ன வார்த்தை, அப்படியே எழுதுங்கள், விமர்சனம் எழுதாதீர்கள். கூட வந்த மாணவர்களுக்கு ஆளுக்கு ஒரு வேலை: ஒருவர் இருக்கை வரைபடத்தில் யாரிடம் கேள்வி போகிறது என்று கோடு போடட்டும். முன் இரண்டு பெஞ்சும் நடைபாதை ஓரமும் நிறைந்து, சுவரோரம் காலியாக இருப்பதை அந்தத் தாளே காட்டிவிடும். பிறகு பாடம் எடுத்தவரையே முதலில் பேசவிட்டு, அடுத்த வகுப்பில் மாற்ற இரண்டே விஷயம் சொல்லுங்கள். ஆங்கில ஆசிரியர்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்ட்டா சான்றிதழ்ப் பயிற்சியில் 120 மணி நேரத்தில் நேரடியாகக் கற்பிப்பது 6 மணி நேரம்தான், ஆனால் ஒவ்வொன்றும் பார்க்கப்பட்டு அலசப்படுகிறது. நம் பி.எட்.டில் பள்ளிப் பயிற்சி 20 வாரம். அளவில் நாம்தான் முன்னே, ஆனால் அதில் எத்தனை பாடத்தை ஆள் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேட்டால் சங்கடம்தான். பள்ளிகள் பயிற்சி மாணவர்களை விடுப்பில் போன ஆசிரியருக்கு மாற்றாக வகுப்பில் நிறுத்திவைப்பது இன்னொரு கதை. வாரத்துக்கு இரண்டு பாடமாவது பார்க்கப்பட வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் முதல் நாளே பேசி எழுதிவாங்கிக்கொள்வது நல்லது.

பயிற்றுநர் வழியாகப் பயிற்றுநர் என்று அடுக்கடுக்காகச் சொல்லித்தருவதை நம்பி இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள். 1950-களின் இறுதியில் மெட்ராஸ் மாநிலத்தில் 27,000 ஆங்கில ஆசிரியர்களை 'பனிப்பந்து' என்ற பெயரில் அப்படித்தான் பயிற்றுவிக்க முயன்றார்கள். ஒவ்வொரு அடுக்கு இறங்கும்போதும் செய்முறை கழன்று குறிப்பு மட்டும் மிஞ்சுவது இந்த வகைப் பயிற்சியின் பிறவி நோய்.

இனி தமிழ். பேசலாம், ஆனால் எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 'ஆல்தோ' போன்ற சொல்லைச் சைகையால் விளக்க 4 நிமிஷம் தவிப்பதைவிட 'இருந்தாலும்' என்று சொல்லிவிட்டு மூன்று உதாரணம் கொடுப்பது மேல். கட்டளை, பாராட்டு, வகுப்பை ஒழுங்குபடுத்துவது இவற்றை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் தினமும் காதால் கேட்கிற நிஜமான ஆங்கிலம் அது ஒன்றுதான். பயிற்சி மாணவர் பாடத்திட்டத்தில் தமிழில் சொல்லப்போகும் வாக்கியங்களைச் சிவப்பு மையில் எழுதி வரட்டும். வகுப்பு முடிந்ததும் பார்வையாளர் குறிப்போடு ஒப்பிட்டு, சிவப்பில் இல்லாமல் வந்த ஒவ்வொரு தமிழ் வாக்கியத்துக்கும் முன்னால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் ஒரு கட்டளை நீளமாகப் போயிருக்கும்.