4000 என்று எழுதியிருக்கும் செல் இரண்டு மடங்கு நேரம் வருமா?

மகனின் எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேம் கண்ட்ரோலருக்கு மாதம் ஆறு செல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, ரீசார்ஜபிள் வாங்கலாம் என்று ஆன்லைனில் பார்த்தால் ஒன்றில் 2000, ஒன்றில் 2800, ஒன்றில் 4000 என்று போட்டிருக்கிறது, விலையும் 4000 போட்டதுதான் குறைவு, அதையே வாங்கினால் இரண்டு மடங்கு நேரம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வராது. அதை வாங்காதீர்கள். ஏஏ அளவு, அதாவது கடையில் பென்சில் செல் என்று கேட்டு வாங்குகிறோமே அந்த அளவில், 4000 மில்லிஆம்ப் ஹவர் (செல்லில் எவ்வளவு சார்ஜ் நிற்கும் என்ற அளவு) தாங்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற ரீசார்ஜபிள் செல் கிடையாது. நல்ல கம்பெனிகளே 2500, மிஞ்சிப்போனால் 2700, 2800 வரைக்கும்தான் வந்திருக்கிறார்கள். அதற்கு மேல் எழுதியிருந்தால் அது மேலே ஒட்டிய தாளில் இருக்கும் எண். உள்ளே இருக்கும் சரக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இதைச் சொல்ல நீ யார் என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. கோபிசெட்டிபாளையத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன். கேமரா மேல் மாட்டும் பிளாஷுக்கும் உங்கள் மகனின் கண்ட்ரோலருக்கும் ஒரே செல்தான். அங்கே நான்கு, இங்கே இரண்டு. இதுவரை நூற்றுக்கணக்கான செல்களை சார்ஜ் போட்டு, காலி செய்து, தூக்கிப் போட்டிருக்கிறேன். என் பேச்சுக்கு அவ்வளவுதான் ஆதாரம். போதாது என்பவர்கள் அடுத்த பதிலைப் படித்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தம் இல்லை.

உங்கள் கேள்வியில் அந்த 4000 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு 2009-ல் கவுந்தப்பாடிப் பக்கம் எடுத்த ஒரு கல்யாணம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு கடையில் எட்டு செல் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் 3800 என்று போட்டிருந்தது. நான் அதுவரை வைத்திருந்தது 2100. கணக்குப் போட்டேன். முன்பு இரண்டு செட் தேவைப்பட்ட இடத்தில் இனி ஒரே செட் போதும் என்று முடிவு செய்து, நான்கை பிளாஷில் போட்டுக்கொண்டு, மீதி நான்கை ஸ்டுடியோவிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

முதல் நாள் ராத்திரி சீரெல்லாம் எடுத்தேன், ஒரு குறையும் இல்லை. விடியற்காலை முகூர்த்தம். சடங்கை நடத்தி வைக்கும் அருமைக்காரர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார், கெட்டிமேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளை குனிகிறார். பிளாஷின் பின்னால் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கும், அது எரிந்தால்தான் அடுத்த படத்துக்குத் தயார் என்று அர்த்தம். அது எரியவே இல்லை. உள்ளே ஒரு மெல்லிய விசில் சத்தம் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. ஷட்டரை அமுக்கினேன், வெளிச்சம் வரவில்லை. வீடியோக்காரரின் லைட் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்ததால் மாப்பிள்ளையின் கை, பெண்ணின் கழுத்து, எல்லாமே கருநிழலாக விழுந்தன. மூன்று முடிச்சுக்கு எத்தனை விநாடி ஆகும்? அவ்வளவுதான் இருந்தது, போய்விட்டது.

ஆல்பம் கொடுக்கும்போது பெண்ணின் அப்பாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பணத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உடுங்க தம்பி, நடந்தது நடந்து போச்சு. புள்ளைங்க நல்லா இருந்தாப் போதுமுங்க" என்று முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இன்றைக்கும் எந்த மண்டபத்தில் கெட்டிமேளம் கேட்டாலும் என் கண் முதலில் அந்தச் சிவப்பு விளக்கைத்தான் பார்க்கிறது.

அதற்குப் பிறகு நகைக்கடை வைத்திருக்கும் சிநேகிதரின் தராசில் அந்த செல்லை வைத்துப் பார்த்தேன். பதினாறு கிராம். என் பழைய 2100 செல் இருபத்தேழு கிராம். உங்களால் ஆன்லைனில் தராசு வைக்க முடியாதுதான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் வைத்துப் பாருங்கள். நிக்கல் செல்லில் கொள்ளளவு என்பது உள்ளே இருக்கும் உலோகம்தான், எடை இல்லாமல் அது வராது. இருபது கிராமுக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

என் மகன் கதை வேறு மாதிரி. அக்கா மகன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்ததும் தன்னுடைய பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் மாடலை இவனுக்குக் கொடுத்துவிட்டான். இவன் மளிகைக் கடையில் பத்துப் பதினைந்து ரூபாய் செல் வாங்கிப் போட்டு ஆடுவான். கார் ஓட்டும் ஆட்டத்தில் எங்கேயாவது மோதினால் கண்ட்ரோலர் கையில் அதிரும், அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்துவிடும். கண்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனோம். "போர்டு போயிருச்சுங்ணா, ஆயிரத்து எட்டுநூறு ஆகும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் என் பிளாஷ் பையிலிருந்து இரண்டு செல் எடுத்துப் போட்டால், என்ன மோது மோதினாலும் அறுபடவில்லை. போர்டில் ஒரு கோளாறும் இல்லை.

காரணம் சொல்கிறேன். அந்த விலை குறைந்த செல் துத்தநாகம், கார்பன் வகை. சுவர்க் கடிகாரத்துக்கு அது போதும், ஏனென்றால் கடிகாரம் சொட்டுச் சொட்டாகத்தான் கரண்ட் எடுக்கும். எக்ஸ்பாக்ஸ் ஒன் கண்ட்ரோலரில் கைப்பிடிகளில் இரண்டு, விசைகளுக்குப் பின்னால் இரண்டு என்று நான்கு அதிர்வு மோட்டார்கள் இருக்கின்றன. அவை ஒன்றாக இழுக்கும்போது அந்த செல்லால் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரிந்துவிடும். நிக்கல் செல்லுக்கு உள்தடை, அதாவது கரண்டை உள்ளேயே தடுப்பது, மிகக் குறைவு, எவ்வளவு கேட்டாலும் கொடுக்கும். பிளாஷுக்கு நாங்கள் அதை விரும்புவதும் இதற்காகத்தான். ரிப்பேர்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவரும் அதே செல்லைப் போட்டுத்தான் பார்த்திருப்பார்.

"நிக்கல் செல் 1.2 வோல்ட்தானே, கண்ட்ரோலருக்கு 1.5 வேண்டாமா" என்பார்கள். ரீசார்ஜ் செய்ய முடியாத அல்கலைன் செல் 1.5-ல் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும், பாதி தீரும்போது அதுவும் கிட்டத்தட்ட 1.2-ல்தான் நிற்கும். நிக்கல் செல் கடைசி வரை அந்த 1.2-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். திரையில் பேட்டரி அளவு ஒரு கோடு குறைவாகக் காட்டலாம், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இந்த இடத்தில் கேட்டதை விட்டு விலகி ஒன்று சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு கேம் ஆட செல்லும் வாங்கிக் கொடுத்து சார்ஜும் போட்டுத் தருகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே பேச்சு: கெடுத்து வைத்திருக்கிறாய், பதினொன்றாம் வகுப்புக்கு ஹாஸ்டலில் கொண்டு போய்ப் போடு. நம் பக்கத்தில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்படி ஒரு தங்கிப் படிக்கும் பள்ளிக்கு குரூப் போட்டோ எடுக்கப் போயிருக்கிறேன். வரிசை கலையும்போது ஒரு பையன் பக்கத்தில் வந்து, "அண்ணா, போன் குடுங்க, அம்மாகிட்ட ஒரே நிமிசம் பேசிட்டுத் தர்றேன்" என்று மெதுவாகக் கேட்டான். கொடுப்பதற்குள் வார்டன் வந்துவிட்டார். அந்தப் பையனுக்கு எவ்வளவு மார்க் வந்ததோ தெரியாது. என் மகன் ராத்திரி எட்டு மணி முதல் ஒன்பதரை வரை ஆடுகிறான், அப்புறம் புத்தகத்தை எடுக்கிறான், என் கண் முன்னால் இருக்கிறான். ஹாஸ்டலில் சேர்த்தவர்களை நான் குறை சொல்லவில்லை, அவரவர் நிலைமை அவரவருக்கு. ஆனால் என் வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொல்லாதீர்கள்.

சரி, செல்லுக்கு வருகிறேன்.

அட்டையில் குறைந்த சுய இழப்பு என்ற வகையா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் எல்எஸ்டி என்றோ, சார்ஜ் போட்டே விற்கப்படுகிறது என்றோ எழுதியிருப்பார்கள். பழைய வகை நிக்கல் செல் சும்மா வைத்திருந்தாலே மாதத்துக்குக் கால்வாசி போய்விடும். 2005-ல் ஜப்பானின் சான்யோ கம்பெனி எனலூப் என்ற செல்லை விட்ட பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது. அது இப்போது பானாசோனிக் பெயரில் வருகிறது. பரீட்சைக்காக உங்கள் மகன் ஒரு மாதம் கண்ட்ரோலரைத் தொடாமல் வைத்தாலும் திரும்ப எடுக்கும்போது அதில் சார்ஜ் இருக்கும். விளம்பரத்துக்குக் காசு வாங்கினாயா என்று கேட்க வேண்டாம், நான் பயன்படுத்துவது அது என்பதால் சொல்கிறேன். இதே வகையில் வேறு நல்ல கம்பெனிகளும் செய்கிறார்கள்.

எனலூப்பிலேயே வெள்ளை நிறம் 2000, கறுப்பு நிறம் 2500. கறுப்பையே வாங்கலாமே என்று தோன்றும். வெள்ளையை 2100 முறையும் கறுப்பை 500 முறையும் சார்ஜ் போடலாம் என்று கம்பெனியே சொல்கிறது. கல்யாணத்தில் செல் மாற்ற நேரம் இல்லாத எனக்குக் கறுப்பு தேவைப்படுகிறது. உங்கள் மகன் சோபாவில் உட்கார்ந்து ஆடுகிறான், எழுந்து போய் மாற்றலாம். அவனுக்கு வெள்ளை போதும். என் மகனுக்கு ஒரு சார்ஜ் இரண்டரை வாரம் வருகிறது.

சார்ஜரில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். 2012-ல் நம் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த வருடம் என் செல்கள் வரிசையாகச் செத்தன. என்னிடம் இருந்தது டைமர் சார்ஜர். செல் நிரம்பியதா என்று அதற்குத் தெரியாது, இத்தனை மணி நேரம் என்று எண்ணி நிறுத்திவிடும். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் அந்த எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். நிரம்பிய செல்லுக்குள் மறுபடி மறுபடி கரண்டை ஏற்றி வேகவைத்துவிட்டது. காலையில் எடுத்தால் கை சுடும். எதனால் என்று புரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

ஆகவே செல்லுக்குச் செல் தனித்தனி விளக்கு எரியும் சார்ஜராக வாங்குங்கள். அது ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பார்த்துக்கொண்டே இருக்கும். நிரம்பியதும் வோல்டேஜ் துளி இறங்கும், அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். கரண்ட் எத்தனை தடவை போனாலும் பாதகம் இல்லை. பதினைந்து நிமிடத்தில் நிரப்புவேன் என்பதெல்லாம் வேண்டாம். நான்கைந்து மணி நேரம் எடுத்துக்கொள்வதே செல்லுக்கு நல்லது. செல்லை விட சார்ஜர் விலை அதிகமாக இருக்கும், அந்த இடத்தில் மட்டும் கையைச் சுருக்காதீர்கள்.

யுஎஸ்பி ஒயர் குத்தி சார்ஜ் போடும் 1.5 வோல்ட் லித்தியம் செல் பற்றி இரண்டு பேராவது கேட்பீர்கள். கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது உள்ளே ஒரு சர்க்யூட் வைத்துக் கடைசி வரை 1.5-ஐயே காட்டும். திரையில் பேட்டரி முழுசாகத் தெரியும், திடீரென்று அணைந்துவிடும். மகனின் சிநேகிதன் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அப்படி மாட்டிக்கொண்டான். 3000 என்று எழுதியிருப்பதையும் கூர்ந்து பாருங்கள், பல சமயம் அது மில்லிவாட் ஹவர் என்ற வேறு அளவு. 1.5-ஆல் வகுத்தால் 2000 மில்லிஆம்ப் ஹவர்தான்.

ஒன்றை மட்டும் பயத்தோடு சொல்கிறேன். பார்க்க இதே அளவில் 14500 என்ற எண்ணோடு லித்தியம் அயன் செல் விற்கிறார்கள், அது ஒன்றே 3.7 வோல்ட். இரண்டைப் போட்டால் ஏழு வோல்ட்டுக்கு மேல், கண்ட்ரோலர் மூன்று வோல்ட்டுக்குச் செய்தது. தெரியாமல் கூடப் போட்டுவிடாதீர்கள். அதை நிக்கல் சார்ஜரிலும் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கலாம்.

பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அந்த கண்ட்ரோலரில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. அது சில வருடத்தில் தளர்ந்தால் பிரித்து மாற்ற வேண்டும், அது வேறு தலைவலி.

நான்கு செல் வாங்குங்கள். இரண்டு கண்ட்ரோலரில், இரண்டு சார்ஜ் போட்டபடி டிராயரில். மார்க்கர் பேனாவால் முதல் ஜோடியில் அ, அ என்றும் அடுத்ததில் ஆ, ஆ என்றும் வாங்கிய மாதத்தோடு எழுதிவிடுங்கள். ஜோடியைக் கலக்கக் கூடாது. தளர்ந்த செல் ஒன்றும் தெம்பான செல் ஒன்றும் சேர்ந்தால் தளர்ந்தது முதலில் காலியாகிவிடும், மற்றது அதற்குள் கரண்டைத் தலைகீழாகத் தள்ளிக் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் இந்த எழுத்தெல்லாம் மகன் வேலை. 2013 என்று எழுதிய ஒரு ஜோடி பிளாஷுக்கு உதவாமல் போய், அவன் கண்ட்ரோலரில் மூன்று வருடம் ஓடி, இப்போது டிவி மேல் இருக்கும் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.