கிழமைக்கு ஒன்று, நாளுக்கு ஒன்றாகிப் போனால்?

கேள்வி: டொக்டர், என் அம்மாவுக்கு 68 வயது. கால் உளைவு என்று காட்டப் போனபோது, விற்றமின் டீ குறைவு என்று 50,000 யூனிற் குளிசை கொடுத்தார்கள். கிழமைக்கு ஒன்று போட வேண்டியதை இரண்டு மாதமாக நாளுக்கு ஒன்று போட்டிருக்கிறார்! கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய கல்சியம் குளிசை வேறு. இப்போது ஓங்காளம், மலச்சிக்கல், ஓயாத தண்ணீர்த் தாகம், இரவில் நாலைந்து தடவை சலத்துக்கு எழும்புகிறார். சீனி வருத்தம் இல்லை. “விற்றமின்தானே, கூடினால் சலத்தோடு போயிடும்” என்கிறார். உண்மையா?
– ஒரு மகள், களுவாஞ்சிகுடி

பதில்: போகாது தங்கச்சி. அம்மா சொல்வது விற்றமின் ‘சீ’ என்பதற்குப் பொருந்தும், அது தண்ணீரில் கரைவது. விற்றமின் டீ கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கிவிடும். முதலில் இதைச் செய்யுங்கள்: இரண்டு குளிசையையும் இன்றே நிறுத்திவிட்டு, நாளைக்கு என்று தள்ளாமல் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், மட்டக்களப்பானாலும் கல்முனையானாலும் சரி. போத்தல், பெட்டி, கவர் எல்லாம் கையோடு கொண்டு போங்கள். இரத்தத்தில் கல்சியம், கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), விற்றமின் டீ அளவு பார்ப்பார்கள்.

பெரியவர்கள் தாங்களாகவே எடுக்கும்போது நாளுக்கு 4,000 யூனிற்றைத் தாண்டக் கூடாது, 70 வயதுக்கு உட்பட்டவருக்குத் தேவையே 600தான். அம்மா போட்டது அந்த எல்லையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். இவ்வளவு சேர்ந்தால் குடல் சாப்பாட்டிலிருந்து கல்சியத்தை அள்ளி அள்ளி இரத்தத்துக்குள் விடும், எலும்பிலிருந்தும் அது கரைந்து வரும், நீங்கள் எழுதிய தாகமும் சலமும் மலச்சிக்கலும் பெரும்பாலும் அந்தக் கல்சியத்தின் வேலை. கூடிக்கொண்டே போனால் தடுமாற்றம், இதயத் துடிப்புக் குழப்பம், சிறுநீரகத்தில் கல், கடைசியில் சிறுநீரகமே பழுது. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் போடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், அது கல்சியத்தை சலத்தோடு போகவிடாமல் பிடித்து வைக்கும். ஆனால் பிரஷர் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அம்மாவை ஏசாதீர்கள். சின்னக் கடதாசிக் கவரில் ஒரு கோடு கிறுக்கித் தருவதை வைத்து கிழமைக்கா நாளுக்கா என்று யார்தான் கண்டுபிடிப்பது? எனக்கே சில நேரம் விளங்குவதில்லை.

வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். கல்லடிக் கடற்கரையில் நாள் முழுக்க நின்றாலும் தோல் கறுக்குமே தவிர விற்றமின் டீ நஞ்சாகாது, மிஞ்சியதைத் தோலே சிதைத்துவிடும். மீன் கறியாலும் இப்படி வராது. வருவது பெரும்பாலும் குளிசையாலும் ஊசியாலும்தான்.

நிறுத்திய உடனே சுகம் வராது, கொழுப்பில் கிடப்பது இறங்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட எடுக்கும், அதுவரை திரும்பத் திரும்ப இரத்தம் பார்க்கச் சொல்வார்கள், அலுக்காமல் போங்கள். அண்ணாவிடமும் அடுத்த போத்தலை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.